வான்போக்குவரத்து முரண்நிலைத் தீர்வில் நியாயமும் செலவும்

வான்போக்குவரத்து முரண்நிலை என்பது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வானூர்திகள் தாம் செல்லும் வழியிலேயே தொடர்ந்து சென்றால், அவற்றுக்கிடையே இருக்கவேண்டிய குறைந்தபட்ச இடைவெளி இல்லாமற்போகும் என்று கணிக்கப்படும் நிலை ஆகும். இது மோதல் அன்று. மோதலுக்கு இட்டுச்செல்லக்கூடிய ஒரு நிலையாகும். இதனைத் தீர்ப்பதற்கு, அவ்வானூர்திகளுள் ஒன்றேனும் தனது திசை, உயரம், வேகம் ஆகியவற்றுள் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். இம்மாற்றத்தினால் எரிபொருளும் நேரமும் கூடுதலாகச் செலவாகின்றன.

யாரேனும் ஒருவர் விலகியே ஆகவேண்டும் என்பதைப் பாதுகாப்பு விதிகள் முடிவு செய்கின்றன. யார் விலகவேண்டும் என்பதை அவை பெரும்பாலும் முடிவு செய்வதில்லை. இரண்டு தீர்வுகள் ஒரே அளவு பாதுகாப்பானவையாக இருக்கும்போது, அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வது செலவை யார்மீது சுமத்துவது என்ற கேள்வியாக மாறுகின்றது. மொத்தச் செலவு மிகக் குறைந்த தீர்வு சிலர்மீதே மீண்டும் மீண்டும் சுமையை ஏற்றக்கூடும். சுமையைச் சமமாகப் பகிரும் தீர்வு மொத்தச் செலவைக் கூட்டக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறி, வான்போக்குவரத்து மேலாண்மையில் இன்றுவரை விவாதிக்கப்பட்டு வருகின்றது.

இடைவெளி விதிகள்

ரேடார் கண்காணிப்பு உள்ள வழித்தட வான்பரப்பில், ஒரே உயரத்தில் பறக்கும் இரு வானூர்திகளுக்கு இடையே பொதுவாக 5 கடல் மைல் (சுமார் 9.3 கிலோமீட்டர்) கிடைமட்ட இடைவெளி இருக்கவேண்டும். வானூர்தி நிலையங்களை ஒட்டிய பகுதிகளில் இது 3 கடல் மைலாகக் குறைக்கப்படுவது உண்டு. கிடைமட்ட இடைவெளி இல்லாதபோது, 1,000 அடி (சுமார் 300 மீட்டர்) செங்குத்து இடைவெளி இருத்தல் வேண்டும்.

முன்னர் 29,000 அடிக்கு மேல் 2,000 அடி செங்குத்து இடைவெளி தேவைப்பட்டது. உயரமானிகளின் துல்லியம் கூடியதால், 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே இது 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. இம்மாற்றம் வட அத்திலாந்திக்கில் 1997-இலும், ஐரோப்பாவில் 2002-இலும், இந்தியாவில் 2003-இலும், ஐக்கிய அமெரிக்காவில் 2005-இலும் நடைமுறைக்கு வந்தது. இதனால் அந்த உயர எல்லைக்குள் இருந்த 7 பறப்பு மட்டங்கள் 13 ஆகப் பெருகின. விலகவேண்டிய தேவையும் விலகலின் செலவும் ஒருசேரக் குறைந்தன. பகிரப்படும் வளம் பெருகும்போது நியாயம் பற்றிய பிணக்குகள் குறையும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இவ்விதிகள் விபத்துகளின் பின்னணியில் உருவானவை. 1956 சூன் 30 அன்று ஐக்கிய அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் மேலே இரு பயணிகள் வானூர்திகள் மோதி 128 பேர் இறந்தனர். இதன் தொடர்ச்சியாக 1958-இல் அந்நாட்டில் வான்போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் நடுவண் அமைப்பு உருவாக்கப்பட்டது. 1996 நவம்பர் 12 அன்று தில்லிக்கு அருகே சார்க்கி தாத்ரியில் நிகழ்ந்த மோதலில் 349 பேர் இறந்தனர். வானில் நிகழ்ந்த மோதல்களுள் மிகுந்த உயிரிழப்பை ஏற்படுத்தியது இதுவே ஆகும்.

விலகலின் செலவு

ஒரு முரண்நிலையைத் தீர்க்க மூன்று வழிகள் உள்ளன.

1. திசை மாற்றம்: வானூர்தி சற்றுச் சுற்றிச் சென்று மீண்டும் தன் வழிக்குத் திரும்புகின்றது. பறக்கும் தூரம் கூடுகின்றது.
2. உயர மாற்றம்: விரைவாகச் செய்யத்தக்கது. ஆனால் தாரை வானூர்திகள் தமக்கு உகந்த உயரத்திலிருந்து கீழிறங்கினால் காற்றின் அடர்த்தி மிகுதியால் கூடுதல் எரிபொருளை எரிக்கின்றன. கீழிறக்கப்பட்ட வானூர்திக்குப் பழைய உயரம் திரும்பக் கிடைக்காமற் போவதும் உண்டு.
3. வேக மாற்றம்: மிகக் குறைந்த செலவுடையது. ஆனால் உயரப் பறக்கும்போது வானூர்தியின் வேகத்தைச் சிறிதளவே கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பதால், முரண்நிலை வெகு முன்னரே அறியப்பட்டிருக்க வேண்டும்.

எரிபொருளைத் தவிர, தாமதத்தினால் ஏற்படும் செலவும் உள்ளது. இணைப்பு வானூர்தியைத் தவறவிடும் பயணிகள், பணிநேர வரம்பை எட்டும் பணியாளர்கள், அதே வானூர்தியின் அடுத்த பயணம் ஆகியவற்றால் இச்செலவு கூடுகின்றது. இது நேர்விகிதத்தில் வளர்வதில்லை. ஒரு வானூர்தி 30 நிமிடம் தாமதமாவது, 30 வானூர்திகள் ஒவ்வொரு நிமிடம் தாமதமாவதைவிடப் பெரும்பாலும் கூடுதல் செலவை உண்டாக்கும். எனவே, சுமையைப் பலருக்குப் பகிர்ந்தளிப்பது சில வேளைகளில் நியாயமானதாகவும் மலிவானதாகவும் அமைகின்றது.

ஒரு கணக்கு

இரண்டு வானூர்திகள் ஒரே உயரத்தில், மணிக்கு 450 கடல் மைல் வேகத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் பறந்து, ஒரே நேரத்தில் ஒரே புள்ளியை அடையவுள்ளன எனக் கொள்ளலாம். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 7.5 கடல் மைல் செல்கின்றது. அவற்றுக்கிடையே எப்போதும் 5 கடல் மைல் இருக்கவேண்டுமாயின், ஒன்று மற்றொன்றைவிட ஏறத்தாழ 57 நொடிகள் பிந்தி அப்புள்ளியை அடையவேண்டும்.

இது 15 நிமிடங்களுக்கு முன்னரே அறியப்பட்டால், ஒரு வானூர்தி மட்டும் தன் வேகத்தைச் சுமார் 6 விழுக்காடு குறைத்தால் போதும். அல்லது ஒன்று 3 விழுக்காடு விரைந்தும் மற்றொன்று 3 விழுக்காடு தாழ்த்தியும் செல்லலாம். இரண்டாம் தீர்வில் சுமை பகிரப்படுகின்றது. ஆனால் கட்டுப்பாட்டாளர் ஒரு கட்டளைக்குப் பதிலாக இரண்டு கட்டளைகளை வழங்கி, இரண்டும் சரியாகப் பின்பற்றப்படுகின்றனவா என்று கவனிக்கவேண்டும். வேலைப்பளு மிகுந்த நேரத்தில் இதுவும் ஒரு செலவே ஆகும்.

அதே முரண்நிலை 5 நிமிடங்களுக்கு முன்னரே அறியப்பட்டால், ஒரு வானூர்தி தன் வேகத்தைச் சுமார் 16 விழுக்காடு குறைக்க நேரிடும். உயரப் பறக்கும் தாரை வானூர்திக்கு இது பொதுவாக இயலாதது. எனவே ஒன்றைத் திருப்பவோ உயரம் மாற்றவோ வேண்டும். சுமை முழுவதும் அந்த ஒன்றின்மீதே விழுகின்றது. முன்னறிவு குறையக் குறைய, பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பும் குறைகின்றது.

விலகவேண்டியது எது என்ற கேள்விக்கும் எண்களைப் பொருத்திப் பார்க்கலாம். போயிங் 747-400 வானூர்தி மணிக்குச் சுமார் 10 டன் எரிபொருளையும், ஏர்பஸ் ஏ320 சுமார் 2.5 டன் எரிபொருளையும் எரிக்கின்றன. ஒரு நிமிடம் கூடுதலாகப் பறக்க முன்னையதற்குச் சுமார் 167 கிலோகிராமும், பின்னையதற்குச் சுமார் 42 கிலோகிராமும் தேவை. மொத்த எரிபொருளை மட்டும் கருதினால் ஒவ்வொரு முறையும் ஏ320-ஏ விலகவேண்டும். முன்னையதில் 400 பேரும் பின்னையதில் 160 பேரும் பயணம் செய்தால், பயணி ஒருவருக்கான செலவு முறையே 0.42, 0.26 கிலோகிராம் ஆகின்றது. நான்கு மடங்காகத் தோன்றிய வேறுபாடு இரு மடங்கிற்கும் குறைவாகச் சுருங்குகின்றது. சிறிய வானூர்திகளை மட்டும் இயக்கும் நிறுவனம் ஒன்று முதற்கணக்கின்படி எப்போதும் இழப்பவராகவே இருக்கும். எந்த அலகில் அளப்பது என்பதே யார் இழப்பவர் என்பதைத் தீர்மானித்துவிடுகின்றது.

வழிவிடும் முறைமைகள்

பன்னாட்டு குடிசார் வான்போக்குவரத்து அமைப்பின் பறப்பு விதிகள், கடற்பயண விதிகளை ஒத்த சில முறைமைகளைக் கொண்டுள்ளன. நேரெதிரே வரும் இரு வானூர்திகளும் வலப்புறம் திரும்பவேண்டும். குறுக்கே வரும்போது, மற்றதைத் தன் வலப்புறத்தில் காணும் வானூர்தி வழிவிடவேண்டும். பின்னாலிருந்து முந்துவது விலகிச் செல்லவேண்டும். பொறியுள்ள வானூர்திகள் மிதவை வானூர்திகளுக்கும், அவை பலூன்களுக்கும் வழிவிடவேண்டும்.

இவ்விதிகள் செலவைக் கருதுவதில்லை. யார் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்பது தற்செயலாக அமையும்போது, நெடுங்காலத்தில் அனைவருக்கும் சம வாய்ப்புக் கிடைக்கின்றது. ஆனால் அட்டவணைப்படி இயங்கும் போக்குவரத்தில் ஒரே வானூர்திகள் ஒரே புள்ளியில் நாள்தோறும் சந்திக்கின்றன. அங்கே வலப்புற விதியைப் பின்பற்றினால் ஒரே சேவையே நாள்தோறும் விலக நேரிடும். ஆகவே ஒரு விதி நியாயமானதா என்பது அதன் சொற்களை மட்டுமன்றி, அது செயற்படும் போக்குவரத்தின் அமைப்பையும் பொறுத்தது.

கட்டுப்பாட்டாளர்களின் பொறுப்பில் உள்ள வான்பரப்பில் பொதுவான நடைமுறை, முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பதாகும். அவசரநிலையில் உள்ள வானூர்திகள், கடத்தப்பட்ட வானூர்திகள், நோயாளிகளை ஏற்றிச்செல்பவை, தேடுதல் மீட்புப் பணியில் ஈடுபட்டவை ஆகியவற்றுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. இம்முறை எளிமையானது, யாரும் எளிதில் விளங்கிக்கொள்ளக்கூடியது. எனினும் இதில் செலவுக்கு இடமில்லை. இரு நிமிடம் முன்னால் வந்த வெற்றுச் சரக்கு வானூர்தி, இணைப்புப் பயணிகள் நிறைந்த வானூர்திக்கு முன்னால் செல்லும்.

ஐக்கிய அமெரிக்காவில், கூடுதல் கருவிகள் பொருத்திய வானூர்திகளுக்கு முன்னுரிமை தரலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. புதிய தொழில்நுட்பத்தில் முதலீடு செய்வோரை இது ஊக்குவிக்கும் என்பது ஆதரவாளர் வாதம். முதலீடு செய்ய இயலாத சிறு நிறுவனங்கள் பின்தள்ளப்படும் என்பது எதிர்ப்பாளர் வாதம்.

கடைசி நொடிகள்

மோதல் ஒரு நிமிடத்துக்கும் குறைவான தொலைவில் இருக்கும்போது, வானூர்திகளில் உள்ள டீகாஸ் எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவிகள் தமக்குள் தொடர்புகொண்டு, ஒன்றை ஏறுமாறும் மற்றொன்றை இறங்குமாறும் பணிக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே திசையைத் தெரிவு செய்துவிட்டால், அடையாள எண் பெரிதாக உள்ள வானூர்தி தன் தெரிவை மாற்றிக்கொள்கின்றது. இந்த எண், வானூர்தி பதிவு செய்யப்படும்போது வழங்கப்படுவது. அதற்கும் எரிபொருளுக்கும் பயணிகளுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அந்நிலையில் தேவைப்படுவது சிறந்த தீர்வன்று. இருவரும் ஐயமின்றி ஒரேவிதமாகப் புரிந்துகொள்ளும் தீர்வே ஆகும்.

இதன் இன்றியமையாமையை 2002 சூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு அருகே நிகழ்ந்த மோதல் உணர்த்தியது. உருசியப் பயணிகள் வானூர்தி ஒன்றும் சரக்கு வானூர்தி ஒன்றும் மோதியதில் 71 பேர் இறந்தனர். இறந்தோருள் பெரும்பாலானோர் பள்ளிச் சிறுவர்கள். உருசிய வானூர்தியை ஏறுமாறு கருவி பணித்தது. இறங்குமாறு சூரிச் கட்டுப்பாட்டாளர் பணித்தார். அதன் விமானிகள் கட்டுப்பாட்டாளரைப் பின்பற்றினர். சரக்கு வானூர்தியோ தன் கருவி பணித்தபடி இறங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு பணியிடங்களைக் கவனிக்க நேர்ந்திருந்தது. இதன்பின், கட்டுப்பாட்டாளரின் கட்டளையும் கருவியின் கட்டளையும் முரண்பட்டால் கருவியையே பின்பற்றவேண்டும் என்பது பன்னாட்டு விதிகளில் தெளிவாக்கப்பட்டது.

கடைசி நொடிகளில் நியாயத்தை எடைபோட இடமில்லை என்பது இதிலிருந்து பெறப்படும். நியாயம் பற்றிய முடிவுகள் மணிக்கணக்கில் முன்னதாக, வானூர்திகள் தரையில் இருக்கும்போதே எடுக்கப்படவேண்டியவை ஆகின்றன.

அட்டவணைப்படியான பங்கீடு

மோசமான வானிலையால் ஒரு நிலையத்தில் மணிக்கு 60 வானூர்திகளுக்குப் பதிலாக 30 மட்டுமே இறங்க முடியும் எனில், எஞ்சியவை வானில் வட்டமிட நேரிடும், முரண்நிலைகள் பெருகும். இதனைத் தவிர்க்க, அவை புறப்படும் இடங்களிலேயே நிறுத்திவைக்கப்படுகின்றன. தரையில் காத்திருப்பது வானில் காத்திருப்பதைவிடப் பாதுகாப்பானதும் மலிவானதும் ஆகும். ஆனால் யாரை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்ற கேள்வி எழுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதிவரை, ஒவ்வொரு நிறுவனமும் கடைசியாக அறிவித்த வருகை நேரத்தின் அடிப்படையில் இறங்கும் நேரங்கள் பங்கிடப்பட்டன. இதில் ஒரு குறை இருந்தது. பழுதின் காரணமாகத் தன் வானூர்தி ஒரு மணிநேரம் பிந்தும் என்று ஒரு நிறுவனம் உண்மையை அறிவித்தால், புதிய நேரத்தின் அடிப்படையில் அதற்கு மேலும் தாமதம் விதிக்கப்பட்டது. உண்மை சொன்னவருக்கு இருமுறை தண்டனை கிடைத்தது. எனவே நிறுவனங்கள் தாமதங்களையும் நீக்கப்பட்ட சேவைகளையும் அறிவிக்காமல் இருந்தன. வராத வானூர்திகளுக்காக ஒதுக்கப்பட்ட நேரங்கள் வீணாயின.

1998-இல் இதற்கு மாற்றாக, கூட்டு முடிவெடுத்தல் என்ற திட்டத்தின் கீழ் அட்டவணைப்படியான பங்கீடு சோதனை முறையில் தொடங்கப்பட்டது. இதன்படி, முதலில் வெளியிடப்பட்ட அட்டவணையின் வரிசையிலேயே நேரங்கள் பங்கிடப்படுகின்றன. ஒரு சேவையை நீக்கினாலும் அதன் நேரம் அந்த நிறுவனத்திடமே இருக்கும். அதனைத் தன் வேறொரு வானூர்திக்குப் பயன்படுத்தலாம். பயன்படுத்த முடியாவிடின், அந்நேரம் பிறருக்கு வழங்கப்பட்டு, நிறுவனத்துக்கு அதனால் பயன்படுத்தக்கூடிய வேறொரு நேரம் ஈடாகத் தரப்படும். உண்மையை மறைப்பதால் கிடைத்த ஆதாயம் இதனால் நீங்கியது; வீணாகிய நேரங்களும் குறைந்தன. இங்கே நியாயமான பங்கீடு செலவைக் கூட்டவில்லை, குறைத்தது.

ஐரோப்பாவிலும் முதலில் திட்டமிட்டவருக்கு முதலிடம் என்ற வரிசையே அடிப்படையாக உள்ளது. தமக்கு ஒதுக்கப்பட்ட தாமதத்தை நிறுவனங்கள் தம் சேவைகளுக்குள் மாற்றிக்கொள்ளும் முறைகளும் அங்கே உருவாக்கப்பட்டு வருகின்றன.

மொத்தச் செலவும் தனிச் சுமையும்

எல்லா இடங்களிலும் இவ்விரண்டும் ஒத்துப்போவதில்லை. புயல் எப்போது விலகும் என்பது உறுதியாகத் தெரியாதபோது, அருகிலிருந்து புறப்படும் வானூர்திகளை நிறுத்திவைப்பதே சிக்கனமானது. வானிலை முன்னதாகவே தெளிந்துவிட்டால் அவற்றை உடனே விடுவிக்கலாம். தொலைவிலிருந்து வருபவையோ முன்னரே புறப்பட்டிருக்க வேண்டும். தூரத்தின் அடிப்படையில் பங்கிடுவது எதிர்பார்க்கப்படும் மொத்தத் தாமதத்தை மிகக் குறைவாக்கும் என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அதன்படி, அருகிலுள்ள சிறு நகரங்களின் பயணிகளே எப்போதும் காத்திருக்க வேண்டும். எனவே அதே ஆய்வு, தனி ஒருவர்மீது விழக்கூடிய தாமதத்துக்கு வரம்பிடும் ஒரு மாற்றையும் முன்வைத்தது.

சமமான பங்கீட்டுக்காக மொத்தப் பயனில் இழக்கப்படும் அளவு, செயற்பாட்டு ஆய்வுத் துறையில் நியாயத்தின் விலை எனப்படுகின்றது. பெர்ட்சிமாசு, ஃபாரியாசு, திரிச்சாக்கிசு ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விலையைக் கணிதமுறையில் வரையறுத்தது. எத்தனை பேர் பங்கு கொள்கின்றனர், அவர்களின் தேவைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பவற்றைப் பொறுத்து அவ்விலை மாறும்.

வங்காள விரிகுடா வழி

தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஐரோப்பாவுக்கு இரவில் செல்லும் வானூர்திகள் பல ஆண்டுகளாக ஆப்கானிசுத்தானின் வான்பரப்பைக் கடந்து சென்றன. அங்கே வழிகளும் பறப்பு மட்டங்களும் குறைவு. பாங்காக், சிங்கப்பூர் போன்ற தொலைவான இடங்களிலிருந்து புறப்பட்டு வங்காள விரிகுடாவையும் இந்தியாவையும் கடந்து வந்த வானூர்திக்கு, எல்லையை அடைந்தபின் உகந்த உயரம் கிடைக்காவிடின், தாழப் பறந்து எரிபொருளை இழக்கவேண்டும் அல்லது காத்திருக்கவேண்டும்.

இதனைத் தீர்க்க, பாங்காக்கிலிருந்து இயக்கப்படும் ஒரு கூட்டுப் பாய்வு மேலாண்மை முறை 2006-இல் சோதனையாகத் தொடங்கப்பட்டது. புறப்படுவதற்கு முன்னரே ஒவ்வொரு வானூர்திக்கும் எல்லையைக் கடக்கும் நேரமும் உயரமும் ஒதுக்கப்பட்டன. தாமதம் வானிலிருந்து தரைக்கு மாற்றப்பட்டது. பல நாடுகளின் நிறுவனங்கள் ஒரே வரிசையை ஏற்றுக்கொண்டமையால் இது இயன்றது. 2021 ஆகத்தில் காபூல் வான்பரப்பில் கட்டுப்பாட்டுச் சேவை நின்றபின், பெரும்பாலான நிறுவனங்கள் அவ்வழியைத் தவிர்த்தன.

அண்மைய நிகழ்வுகள்

2025-இல் ஐக்கிய அமெரிக்க அரசின் நிதி முடக்கத்தின்போது, ஊதியமின்றிப் பணியாற்றிய கட்டுப்பாட்டாளர்களுள் பலர் பணிக்கு வராமையால், நவம்பர் 7 முதல் 40 பெரிய நிலையங்களில் சேவைகளைக் குறைக்குமாறு ஆணையிடப்பட்டது. குறைப்பு 4 விழுக்காட்டில் தொடங்கி 10 விழுக்காடுவரை உயரும் என்று திட்டமிடப்பட்டாலும், 6 விழுக்காட்டில் நிறுத்தப்பட்டு, நவம்பர் 17-இல் முற்றாக நீக்கப்பட்டது. நிறுவனங்களுக்கு ஒரே விழுக்காடு விதிக்கப்பட்டமையால் இது சமமானதாகத் தோன்றியது. ஆனால் பன்னாட்டுச் சேவைகளுக்கு விலக்கு இருந்தது. எதைக் குறைப்பது என்ற தெரிவு நிறுவனங்களிடமே விடப்பட்டதால், பெரு நிறுவனங்கள் தம் பிராந்தியச் சேவைகளிலேயே முதலில் கை வைத்தன. நிறுவனங்களுக்கிடையே சமமாக இருந்த சுமை, ஊர்களுக்கிடையே சமமாக இருக்கவில்லை.

ஆளில்லா வானூர்திகளின் பெருக்கம் இக்கேள்வியைப் புதிய வடிவில் எழுப்பியுள்ளது. 2023 சனவரி முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, ஒரே முன்னுரிமை கொண்ட இரு பறப்பு விண்ணப்பங்கள் முரண்பட்டால் முதலில் வந்ததற்கே அனுமதி. சில நாட்களுக்கு முன்னரே திட்டமிடக்கூடிய நில அளவைப் பணிகளுக்கு இது வசதியானது. வாடிக்கையாளர் கேட்டவுடன் மருந்தோ உணவோ கொண்டுசெல்லும் சேவைகள் எப்போதும் பிந்தியே விண்ணப்பிக்க முடியும். தேவைக்கு மேல் வான்வெளியை முன்பதிவு செய்துவைக்கும் போக்கையும் இவ்விதி தூண்டக்கூடும்.

மதிப்பீடு

மேற்கூறியவற்றிலிருந்து சில பொதுவான கருத்துகளைப் பெறலாம். முரண்நிலை எவ்வளவு முன்னதாக அறியப்படுகின்றதோ, அவ்வளவுக்குச் சுமையைப் பகிர முடியும். வழிவிடும் வரிசை முன்கூட்டியே அனைவருக்கும் தெரிந்ததாக இருந்தால், நிறுவனங்கள் உண்மையான தகவலைத் தருவதில் இழப்பு எதுவும் இல்லை. அவ்வரிசைக்குள் நேரங்களை மாற்றிக்கொள்ள இடமளித்தால் மொத்தச் செலவும் குறைகின்றது.

ஆயினும், பங்கீட்டில் பங்குகொள்பவர்கள் பெரும்பாலும் நிறுவனங்களே. ஏ320-இல் உள்ள பயணியும், சேவை நீக்கப்பட்ட சிறு நகரத்தவரும், தாழப் பறக்கும் வானூர்திகளின் இரைச்சலைக் கேட்பவரும் அந்த மேசையில் இருப்பதில்லை. நிறுவனங்களுக்கிடையே நியாயமான ஒரு முறை இவர்களுக்கும் நியாயமானதாக அமையும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. செலவை யாருடைய கணக்கில் அளப்பது என்பதைப் பொறியியல் மட்டும் தீர்மானிக்க இயலாது. அது பொதுக்கொள்கை சார்ந்த ஒரு முடிவாகும்.